அறிவியல் புனைவுத் தொடர்களின் அரங்க வடிவமைப்பு: ஓவியத்தில் இருந்த உலகம் திரையில் ஏன் சுருங்கிப் போகிறது?

வரைபலகை எழுதியது:

விண்கலங்களையும் வேற்றுக் கோள்களையும் களமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களுக்கென அரங்கம் கட்டுவதற்கு முன்பே வரையப்படும் கான்செப்ட் ஓவியங்களைத் தொடரின் காட்சிகளோடு அருகருகே வைத்துப் பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலான நேரங்களில் ஓவியத்தில் இருந்த விரிவும் ஆழமும் கட்டப்பட்ட அரங்கில் இருப்பதில்லை. பணம் போதவில்லை என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். ஆனால் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட பழைய தொடர்களின் சில அறைகள் இன்றைக்கும் யாரோ வாழ்ந்து வேலை பார்க்கும் இடங்களாகவே தெரிகின்றன. பணத்தை அள்ளி இறைத்த சில புதிய தொடர்களில் அந்த உணர்வு வருவதே இல்லை. ஆகவே பணம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. இங்கே அரங்கம் கட்டுபவர்களும் ஒளியமைப்பவர்களும் இருப்பதால் கேட்கிறேன்: ஓவியத்துக்கும் அரங்குக்கும் நடுவில் உண்மையில் என்ன நடக்கிறது? நான் துறைக்கு வெளியே இருப்பவன். சிறிய இணையத் தொடர் ஒன்றுக்காக ஒரு சரக்குக் கலத்தின் உட்புறத்தை இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.

மரத்தூள் எழுதியது:

கான்செப்ட் ஓவியம் என்பது அரங்கின் வடிவமைப்பு அன்று. தயாரிப்பாளர், இயக்குநர், கணினி வரைகலைக் குழு ஆகிய எல்லோரும் ஒரே மனநிலைக்கு வருவதற்காக வரையப்படும் படம் அது. அந்த வேலையை அது நன்றாகச் செய்யும். ஆனால் ஓவியர் தமக்குப் பிடித்த இடத்தில் கண்ணை வைத்துக்கொள்கிறார். அந்த இடம் பல வேளைகளில் சுவருக்கு வெளியே, கேமரா நிற்கவே முடியாத தொலைவில் இருக்கும். மிக அகலமான லென்ஸ் ஒன்றின் பார்வையை வரைந்துவிட்டு, அதே அறையைப் பார்வை குறுகிய 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸில் இரண்டு முகங்களுக்குப் பின்னால் பார்க்கும்போது, ஓவியத்தில் கண்ட கூடம் எங்கே போனது என்று கேட்பதில் பொருளில்லை.

நாங்கள் வேலை செய்வது தரைப்படத்தை வைத்து. வழக்கமாக 1:50 அளவில் தரைப்படமும் சுவர்களின் நேர்முக வரைபடங்களும், நுணுக்கமான பகுதிகளுக்கு 1:5 அளவில் தனி வரைபடங்களும் போடுவோம். முன்பெல்லாம் வெள்ளை அட்டையில் ஒரு மாதிரி செய்து இயக்குநரின் மேசையில் வைப்பார்கள்; இப்போது அதே வேலையைக் கணினி முப்பரிமாண மாதிரியும் செய்கிறது. எந்தச் சுவர் கழன்று வரவேண்டும், கேமரா எந்த வழியாகப் பின்னால் போகும், நடிகர் கதவிலிருந்து நாற்காலிக்கு எத்தனை எட்டில் வருவார் என்பன போன்ற கேள்விகள் அங்கேதான் எழுகின்றன. 1966இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்' தொடரின் கட்டளைத் தளம் வட்டமாகத் தெரிந்தாலும், அது தனித்தனித் துண்டுகளாகக் கட்டப்பட்டது. வேண்டிய துண்டை இழுத்து அகற்றிவிட்டு, அந்த இடைவெளியில் கேமராவை நிறுத்தினார்கள். அந்த அறை முழுமையாக இருப்பதாகப் பார்வையாளர் நம்பியதற்கு, அது முழுமையாக நில்லாமல் இருந்ததே உதவியது.

இன்னொன்றும் உண்டு. ஓர் அத்தியாயம் முழுக்கத் திரும்பத் திரும்பத் தெரிவது இடுப்புக்கு மேலிருந்து தலைக்குச் சற்று மேல் வரையிலான சுவர்ப்பகுதிதான். ஓவியத்துக்குக் கம்பீரம் தருகிற உயர்ந்த கூரை இரண்டொரு ஷாட்டில் வந்து போகும். பணத்தை எங்கே போடுவது என்று கேட்டால், நடிகரின் தோளுக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பட்டையில் போடச் சொல்வேன்.

பழைய அறைகள் ஏன் நிலைக்கின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். கலத்தில் வாழ்பவர்களின் நியாயங்களை யோசித்த பிறகே அவற்றின் வடிவத்தை யோசித்தார்கள் என்பதே என் கருத்து. 'ஸ்டார் டிரெக்'கின் எண்டர்பிரைஸ் கலத்தை வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ் இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர். இயந்திரங்கள் பேராற்றல் கொண்டவை, ஆகவே ஆபத்தானவை. அவை மனிதர் வாழும் பகுதியிலிருந்து விலகி நீண்ட தாங்கிகளின் முனையில் இருக்கட்டும் என்று அவர் முடிவு செய்தார். பழுது பார்க்க ஒருவர் விண்வெளிக்குள் இறங்கக்கூடாது, எல்லாவற்றையும் உள்ளிருந்தே எட்ட முடியவேண்டும் என்பதால் கலத்தின் மேற்பரப்பை மொழுமொழுவென்று விட்டார். அப்படி உள்ளே போன பழுது பார்க்கும் குழாய்ப் பாதைக்குப் பின்னாளில் அவர் பெயரே நிலைத்தது. ஒரு விமானியின் அச்சங்களிலிருந்து பிறந்த கலம் அது.

ஐயம்தான் எழுதியது:

கலத்துக்குள் நியாயமும் விதியும் வேண்டும் என்ற இந்தப் பக்தி எனக்குக் கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. பார்வையாளர் எவரும் தரைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொடரைப் பார்ப்பதில்லை. நீங்கள் எடுத்துக்காட்டிய அதே 'ஸ்டார் டிரெக்'கில், முதலில் ஒளிபரப்பான கதைக்காக நவீன வடிவத்தில் சில உப்புக் குப்பிகளை வாங்கினார்கள். பார்ப்பவர்களுக்கு உப்புக் குப்பி என்றே புரியாது என்று தோன்றியதால் ஒதுக்கிவைத்தார்கள். பிறகு அவையே மருத்துவர் மெக்காயின் அறுவைக் கருவிகள் ஆயின. இதில் எந்தப் பொறியியல் நியாயம் இருக்கிறது? கடையில் வாங்கிய பொருள், நல்ல நடிகர் ஒருவரின் கை, அவ்வளவுதான். 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ'வின் காலக்கலம் வெளியே காவல்துறைத் தொலைபேசிப் பெட்டி, உள்ளே பெரிய வெள்ளைக் கூடம். அந்தக் கூடத்தின் வட்டக்குழிச் சுவர்களில் ஒரு பகுதி புகைப்படத்தைப் பெரிதாக்கி ஒட்டியது. அறுபது ஆண்டுகள் கடந்தும் மக்கள் அதை நேசிக்கிறார்கள்.

மரத்தூள் எழுதியது:

நண்பர் ஐயம்தான் அவர்களே, அந்தக் குப்பிகளை நோயாளியின் உடலுக்குச் சற்று மேலே, தொடாமல் நகர்த்தினார்கள் என்பதைக் கவனியுங்கள். கதை நடக்கும் எதிர்காலத்தில் மருத்துவம் உடலைத் தொடாமலே நடக்கும் என்பது ஒரு விதிதான். பொருள் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் பட்சம். 'டாக்டர் ஹூ'வின் முதல் கூடத்தை வடிவமைத்த பீட்டர் பிரகாக்கியும் நடுவில் அறுகோண இயக்குமேசை ஒன்றை வைத்தார். அது சுவரோரம் ஒதுங்காமல் நடுவில் இருப்பதால் நடிகர்கள் அதைச் சுற்றி நிற்கிறார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இயக்குகிறார்கள், கேமரா எந்தப் பக்கம் நின்றாலும் முகங்கள் கிடைக்கின்றன. சுவரில் ஒட்டியது புகைப்படம்தான் என்றாலும் அந்த மேசையின் இடம் அறையைத் தாங்கிவிட்டது.

ஒளிவட்டம் எழுதியது:

இருவரும் வெளிச்சத்தை மறந்துவிட்டீர்கள். அந்த இயக்குமேசைக்கு வெளிர்பச்சை பூசினார்கள். கறுப்பு வெள்ளைக் கேமராவில் சுத்த வெள்ளை கண்ணைப் பறிக்கும், வெளிர்பச்சை இதமான வெள்ளையாகப் பதியும். ஓவியரின் வண்ணத்தட்டு ஒன்று, கேமராவுக்கு உகந்த வண்ணம் இன்னொன்று என்பது தொடக்கத்திலிருந்தே இருந்துவரும் சங்கதி.

'ஸ்டார் டிரெக்'கின் அறைச்சுவர்களைச் சாம்பல் நிறத்தில் விட்டதால் ஒளிப்பதிவாளர் ஜெரி ஃபின்னர்மன் விளக்குகளின் முன் வண்ணத்தாள்களைப் பொருத்தி, ஒரே சுவரை ஒரு காட்சியில் ஊதாவாகவும் அடுத்த காட்சியில் சிவப்பாகவும் ஆக்கினார். கோள்களின் வானமும் அப்படித்தான்: ஸ்டூடியோவின் பின்திரை ஒன்றே, வெளிச்சத்தின் நிறம் மாறினால் கோள் மாறிவிடும். வண்ணத் தொலைக்காட்சி பரவத் தொடங்கிய காலம் என்பதால் அந்த அடர்த்தியான நிறங்கள் விரும்பப்பட்டன.

கூரையைப் பற்றி மரத்தூள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய தொலைக்காட்சி அரங்குகளுக்குக் கூரை கிடையாது. விளக்குகள் எல்லாம் மேலே தொங்கும். கூரை வைத்தால் அந்த வெளிச்சம் அடைபட்டுவிடும். ஆகவே கூரையுள்ள அரங்கில் வெளிச்சத்தை அரங்கே தரவேண்டும். 1975இல் வந்த 'ஸ்பேஸ்: 1999' தொடரில் கீத் வில்சன் நிலவுத்தளத்தை மாற்றி மாற்றிப் பொருத்தக்கூடிய சுவர்ப்பலகைகளால் கட்டினார், பல பலகைகள் தாமே ஒளிர்ந்தன. ஒரு பலகைத் தொகுதியை வைத்து மருத்துவமனை, தங்குமிடம், நடைபாதை எல்லாவற்றையும் அமைக்கலாம். சிக்கனமாக இருந்ததோடு, ஒரே தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பூட்டிய தளம் என்ற நம்பிக்கையையும் அது கொடுத்தது. இன்று எல்இடி பட்டைகள் அதிகம் சூடாகாமல், மெலிதாக, நினைத்த நிறத்தில் கிடைப்பதால் ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு கோடு ஒளிர்கிறது. எனக்கு அது சலித்துவிட்டது. எதற்காக அந்த விளக்கு அங்கே இருக்கிறது என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை.

பின்னொளி எழுதியது:

திரைகளைப் பற்றி யாரும் பேசாததால் நான் வருகிறேன். அரங்கின் கணினித் திரைகளுக்கான வரைகலைதான் என் வேலை.

1987இல் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் மைக்கேல் ஒகுடா செய்ததைப் போன்ற சிக்கனமான நல்ல தீர்வு இத்துறையில் அரிது. நூற்றுக்கணக்கான உண்மையான பொத்தான்களையும் சிறு விளக்குகளையும் வாங்கிப் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் கம்பி இழுப்பதற்குப் பணமும் நேரமும் ஆகும். அதற்குப் பதிலாக, வரைகலையைப் படச்சுருளில் அச்சிட்டு, வண்ணத்தாள் சேர்த்து, வழவழப்பான அக்ரிலிக் பலகைக்குப் பின்னால் ஒட்டி, அதன் பின்னால் விளக்கு வைத்தார். பலகை தட்டையாக இருப்பதற்குத் தொடுதிரை என்ற காரணம் கதைக்குள்ளேயே கிடைத்துவிட்டது. அசையாத படம் என்பதால் மினுமினுப்புத் தொல்லையும் இல்லை. அக்காலக் குழாய்த் திரைகளை வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடும் கேமராவில் பதிவு செய்தால் கறுப்புப் பட்டை உருளும். அதைத் தவிர்க்கத் திரைகளைக் கேமராவின் வேகத்துக்கு இணங்க ஓட்டும் தனிக் கருவி வேண்டும். ஆகவே உண்மையான திரைகளைத் தேவையான ஓரிரு இடங்களில் மட்டும் வைத்துவிட்டு மற்றதைப் பின்னொளிப் பலகைகளால் நிரப்பினார்கள்.

வளைந்த மூலைகள், குறிப்பிட்ட சில வண்ணங்கள், நெருக்கமான ஒடுங்கிய எழுத்துரு என்று அவர் வகுத்த ஒழுங்கு எல்லா அறைகளிலும் ஒன்றாகவே இருந்தது. ஒரு தொடரில் எந்தப் பலகையைப் பார்த்தாலும் அது அதே கலத்தைச் சேர்ந்தது என்று தெரியவேண்டும். பத்து வரைகலைஞர்கள் பத்து விதமாக அழகு காட்டினால் அது நடக்காது.

வேடிக்கையும் உண்டு. கலத்தின் குறுக்குவெட்டு வரைபடத்தில் ஒரு வாத்தும் ஓர் எலியும் ஒளிந்திருக்கின்றன. அந்தக் காலத்துத் தொலைக்காட்சியில் அவை தெரியாது. 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்திருந்த அத்தொடரை 2012 முதல் உயர்தெளிவில் மீட்டெடுத்து வெளியிட்டபோது வாத்தும் தெரிந்தது, பலகைகளில் விளக்கு பிரதிபலிக்காமல் இருக்க ஒட்டிய கறுப்பு அட்டைகளும் தெரிந்தன. அரங்கின் நுணுக்கம் எந்தத் தெளிவுக்காகச் செய்யப்படுகிறது என்ற கேள்வி அன்றிலிருந்து எங்களை விடவில்லை. இப்போது எந்தப் பொருளின் மேலும் பொருளற்ற எழுத்துகளை இட்டு நிரப்ப முடிவதில்லை. நிறுத்திவைத்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரைபலகை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆனால் இவை அனைத்தும் மரச்சட்டங்களும் பலகைகளும் இருந்த காலத்தின் தீர்வுகளாகத் தோன்றுகின்றன. எல்இடி சுவர் (சுவரளவு பெரிய எல்இடி திரை) வந்த பிறகு ஓவியத்தையே நடிகருக்குப் பின்னால் நேரடியாகக் காட்டிவிடலாமே? இனி ஓவியம் சுருங்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாதா?

ஒளிவட்டம் எழுதியது:

ஓரளவுக்கு ஆகும். 2019இல் வந்த 'தி மாண்டலோரியன்' தொடருக்காக ஏறத்தாழ 20 அடி உயரமும் 75 அடி விட்டமும் கொண்ட, 270 பாகை வளைந்த எல்இடி சுவரை அமைத்தார்கள். கேமரா நகரும்போது அதன் நிலையை உணர்ந்து, பின்னணியின் கோணமும் அதற்கேற்ப நகரும். அப்போது படங்களை ஓட்டியது அன்ரியல் என்ற விளையாட்டு மென்பொருள். நாயகன் அணிந்திருப்பது பளபளக்கும் கவசம் என்பதால் பின்னணியைப் பிறகு கணினியில் சேர்ப்பதற்கான பச்சைத்திரையின் முன் நிறுத்தினால் உடம்பெல்லாம் பச்சை பிரதிபலிக்கும். எல்இடி சுவரின் முன் நிறுத்தினால் பாலைவனமும் வானமும் கவசத்தில் தாமாகவே விழும். அந்தத் தொடருக்கு அது மிகப் பொருத்தமான தேர்வு.

ஆனால் அதற்கென்று தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. கேமராவின் குவியம் (ஃபோகஸ்) சுவரின் மேலேயே விழுந்தால் புள்ளிகளின் வரிசை கேமராவில் அலையலையான கோடுகளாகத் தெரியும். ஆகவே பின்னணி எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். சுவரிலிருந்து வரும் வெளிச்சம் பரவலானது. நண்பகல் வெயிலின் கூர்மையான நிழலை அதனால் தர முடியாது. எல்இடி ஒளியில் சில நிற அலைவரிசைகள் குறைவு என்பதால் மனிதத் தோல் இயல்பு மாறித் தெரியலாம். அதைச் சரிசெய்ய வேறு விளக்குகளைச் சேர்க்கவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் கால வரிசையில்தான். முன்பு படப்பிடிப்புக்குப் பிறகு மாதக்கணக்கில் மெருகேற்றிய பின்னணியை இப்போது படப்பிடிப்புக்கு முன்பே முடித்துவைக்க வேண்டும். மனம் மாறுவதற்கு இயக்குநருக்கு இடம் குறைவு.

நடிகர் நிற்கும் தரையும், அவர் தொடும் பாறையும், அந்தத் தரை சுவரில் உள்ள தரையோடு சேரும் விளிம்பும் கட்டப்பட்டவையே. அந்த விளிம்பை மறைப்பதுதான் கலைத்துறையின் பெரும் பாடு. மணலையும் கற்களையும் அங்கே கொட்டி, திரையில் உள்ள மணலின் நிறத்துக்கு உண்மையான மணலைப் பொருத்துவார்கள்.

ஐயம்தான் எழுதியது:

அதே 'ஸ்டார் வார்ஸ்' கதையுலகைச் சேர்ந்த 'ஆண்டோர்' தொடர் அந்தச் சுவரை நாடாமல் போனதையும் சொல்லவேண்டும். லூக் ஹல் வடிவமைத்த ஃபெரிக்ஸ் என்ற தொழிலாளர் ஊரை இங்கிலாந்தில் திறந்தவெளியில் தெருத்தெருவாகக் கட்டினார்கள். தலைநகரக் காட்சிகள் சிலவற்றுக்கு லண்டனின் பார்பிகன் கட்டடத் தொகுதியைப் பயன்படுத்தினார்கள். 'செவரன்ஸ்' தொடரின் அலுவலகத்துக்கு வெளித்தோற்றமும் முகப்புக் கூடமும் நியூ ஜெர்சியின் ஹோம்டெலில் ஈரோ சாரினென் வடிவமைத்த பழைய பெல் ஆய்வகக் கட்டடம். உள்ளே ஜெரமி ஹிண்டில் கட்டியவை முடிவில்லாத வெள்ளை நடைபாதைகளும், தாழ்ந்த கூரையும் பச்சைக் கம்பளமும் நான்கே மேசைகளும் கொண்ட ஒரு பெரிய அறையும்தான். அந்த மேசைகளில் உள்ள விசைப்பலகையில் எஸ்கேப் (தப்பித்தல்) விசை இல்லை.

மரத்தூள் அவர்களுக்காக ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன்: அந்த விசை இல்லாதது ஒரு விதிதான். ஆனால் அது கதாசிரியரின் விதி, பொறியியலாளரின் விதி அன்று. அந்த அறையில் அவ்வளவு இடத்துக்கு நான்கு மேசைகளை மட்டும் போடுவது எந்த நிர்வாகத்துக்கும் வீண்செலவு. நியாயமில்லாமல் இருப்பதால்தான் அது அச்சுறுத்துகிறது.

மரத்தூள் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், மகிழ்ச்சியோடு. விதி என்று நான் சொன்னது பொறியியலை மட்டும் அன்று. 2003இல் மீண்டும் எடுக்கப்பட்ட 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வில் ரிச்சர்ட் ஹுடோலின் வடிவமைத்த போர்க்கலத்தில் கம்பியுள்ள தொலைபேசிகள் இருக்கின்றன. கணினிகளை ஒன்றோடொன்று இணைத்தால் எதிரி ஊடுருவுவான் என்பது கதை. அதே தொடரில் எல்லாத் தாள்களுக்கும் நான்கு மூலைகள் வெட்டப்பட்டிருக்கும். அதற்கு ஒரு காரணமும் சொல்லப்படுவதில்லை. கலைத்துறையினர் ஒவ்வொரு தாளாக உட்கார்ந்து வெட்டினார்கள். முதலாவது நியாயமுள்ள விதி, இரண்டாவது வெறும் வழக்கம். மனிதர் வாழும் எந்த இடத்திலும் இரண்டும் இருக்கும்.

'தி எக்ஸ்பான்ஸ்' தொடரையும் பாருங்கள். கலம் முடுக்கத்தில் இருக்கும்போது பின்னோக்கி அழுத்தும் விசையே ஈர்ப்பாக வேலை செய்கிறது. ஆகவே தளங்கள் கப்பலில் இருப்பதைப்போல நீளவாக்கில் கிடக்காமல், இயந்திரத்துக்கு மேலே மாடிமாடியாக அடுக்கப்பட்டிருக்கும், நடுவில் ஏணி. இந்த ஒரு முடிவை எடுத்துவிட்டால் படுக்கை எந்தப் பக்கம், கைப்பிடி எங்கே, நாற்காலி ஏன் மெத்தையாக இருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் விடை வரிசையாக வந்துவிடும். ஓவியர் உட்கார்ந்து கற்பனை செய்யவேண்டியது குறையும்.

வரைபலகை அவர்களுக்கு என் பரிந்துரை இது. சரக்குக் கலம் என்கிறீர்கள். முதலில் தரைப்படத்தை வரையுங்கள். 2002இல் வந்த 'ஃபயர்ஃபிளை' தொடரில் கேரி மேயர் கலத்தின் இரண்டு தளங்களையும் தளத்துக்கு ஒன்றாக இரண்டு தொடர்ச்சியான அரங்குகளாகக் கட்டினார். சமையலறையிலிருந்து ஓட்டுநர் அறைக்கு நடிகர் வெட்டில்லாமல் நடந்து போகலாம் என்பதால் அந்தக் கலத்தின் அமைப்பு பார்வையாளரின் மனத்தில் பதிந்துவிட்டது. பிறகு, பூச்சு தேய்வது எங்கே என்று குறியுங்கள். பழசாகக் காட்டுவதற்காக எல்லா இடத்திலும் ஒரே அளவில் கறை பூசுவது கைதேராத பெயின்டர்களின் வழக்கம். உண்மையில் கை படும் இடமும் காலணி மோதும் இடமும் சரக்குப்பெட்டி உரசும் உயரமும்தான் தேயும்; கை எட்டாத மூலையில் தூசி மட்டும் இருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதையும் மறக்காமல் குறியுங்கள்.

வரைபலகை எழுதியது:

கதவுகள் சுவருக்குள் சரிந்து மறைபவை. சுவரின் பருமனை நான்கு அங்குலம் என்று வைத்திருக்கிறேன். இரண்டு கதவுகளுக்கு நடுவே மூன்றடிச் சுவர் இருக்கிறது. நடிகர் நெருங்கியதும் கதவு தானாகத் திறக்கவேண்டும்.

மரத்தூள் எழுதியது:

அந்த மூன்றடிச் சுவருக்குள் இரண்டு கதவுகளும் ஒதுங்க இடமில்லை. ஒன்று திறந்திருக்கும்போது மற்றது திறக்காது. இடைச்சுவரைக் குறைந்தது இரண்டு கதவுகளின் அகலத்துக்கு நீட்டுங்கள், அல்லது ஒரு கதவை எதிர்ப்பக்கம் சரியவிடுங்கள். தானாகத் திறப்பதற்கு மோட்டார் வேண்டியதில்லை. எண்டர்பிரைஸின் கதவுகளையே சுவருக்குப் பின்னால் நின்ற ஆட்கள்தான் கயிறு கட்டி இழுத்தார்கள். நடிகரின் நடைவேகத்தைப் பார்த்து இழுக்க மனிதரைவிட நல்ல கருவி கிடையாது. அந்த ஆள் நிற்பதற்குச் சுவருக்குப் பின்னால் இரண்டரை அடி இடம் விட்டு, அவர் நடிகரைப் பார்ப்பதற்கு ஒரு சிறு துளையையும் தரைப்படத்தில் குறித்துவிடுங்கள்.